மூன்று தட்டு

வெங்காய மூட்டையை முதுகில் ஏற்றிவிட மற்றவர்களுக்கு இரண்டு ஆள் வேண்டும். சோலைமுத்துவுக்கு ஒருவரும் வேண்டாம். மூட்டையை வண்டியின் ஓரத்துக்கு ஓர் இழுப்பு, ஒரு குனிவு, அவ்வளவுதான். மறு நிமிஷம் மனுஷன் மண்டிக்குள் நடந்துகொண்டிருப்பார். திண்டுக்கல் காய்கறிச் சந்தையில் அவருக்கு இணையான சுமையாள் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் தன் நான்கு வயது மகளின் கையைப் பிடிக்கமாட்டார் என்றால் நம்புவீர்களா? தெருவைக் கடக்க வேண்டுமானால் தோளில் கிடக்கும் துண்டின் முனையை நீட்டுவார். சின்னக்கண்ணு அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். அப்பனும் மகளும் அப்படிப் போவதைப் பார்த்துச் சந்தையே சிரித்தது. அவர் மனைவி அங்காளம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

காரணம் சொந்த ஊரான ஆத்தூரில் இருந்தது. சோலைமுத்துவின் தம்பி நல்லுசாமியின் வலது கைதான் அது.

அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பன் விட்டுப்போனது ஒரே கிணறு. ஒரு நாள் அண்ணன் கமலையில் மாட்டைப் பூட்டித் தண்ணீர் இறைத்தால் மறுநாள் தம்பியின் முறை. 1954 பங்குனியில் அடித்த வெயில் இருக்கிறதே, அடேயப்பா, காக்கை கூட வெளியே தலைகாட்டவில்லை. மிளகாய் நாற்று துவண்டு கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், தம்பியின் முறை நாளில் சோலைமுத்து தன் மாட்டைப் பூட்டிவிட்டார். நல்லுசாமி வந்தான். மாட்டை அவிழ்த்துவிட்டான். வாய் தடித்தது, கைகலப்பாயிற்று. சோலைமுத்துவுக்குக் கோபம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும், பிறவியிலிருந்தே அப்படி. தம்பியைக் குப்புறத் தள்ளி, வலது கையைப் பின்பக்கம் முறுக்கி, முதுகில் முழங்காலை ஊன்றிவிட்டார். கீழே கிடந்தவன் இடது உள்ளங்கையால் தரையை அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. “திமிறுறியாலே?” என்று இன்னும் ஓர் அழுத்து அழுத்தினார். மறுபடியும் மூன்று அடி. மறுபடியும் ஓர் அழுத்து. மளுக்கென்று முழங்கையில் எழுந்த சத்தம் அடைத்த காதுக்குள்ளும் போய்விட்டது.

முட்டையும் உளுந்தமாவும் வைத்துக் கட்டினார்கள். கட்டைப் பிரித்தபோது கை பாதி மடங்கிய நிலையிலேயே இறுகிப் போயிருந்தது. அப்புறம் அது நீளவே இல்லை. நல்லுசாமி அண்ணனைத் திட்டவில்லை, ஊரைக் கூட்டவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டான். திட்டியிருந்தாலாவது சோலைமுத்துவுக்குச் சோறு இறங்கியிருக்கும். நிலத்தையும் கிணற்றையும் தம்பி வசமே விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு டவுனுக்கு வந்து சுமையாள் ஆனார். மூட்டையைத்தான் அந்தக் கை தொடும். மனுஷப் பிறவி எதையும் தொடுவதில்லை என்று ஒரு வைராக்கியம்.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம், பேகம்பூரில் ஒரு கடைக்குச் சரக்கு இறக்கிவிட்டுக் குறுக்குச் சந்தில் வந்துகொண்டிருந்தார். உடைந்த மதிலுக்கு உள்ளே மணல் கொட்டிப் பரப்பிய இடம், ஒரு சிலம்பக்கூடம். பத்துப் பேர் கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் இரண்டு பேர் கம்பில்லாமல், வெறுங்கையால் ஒருவரையொருவர் பிடித்து மடக்கிக்கொண்டிருந்தார்கள். பிடிவரிசை என்பார்கள் அந்த வித்தையை. ஒருவன் மற்றவனின் கையை வளைத்துக் கவிழ்த்துவிட்டான். கவிழ்ந்தவன் மணலில் உள்ளங்கையால் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. மேலே இருந்தவன் சட்டென்று கையை எடுத்துவிட்டான். இரண்டு பேரும் சிரித்தபடி எழுந்து ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தார்கள்.

சோலைமுத்து நின்றுவிட்டார். மதில் ஓரம் நின்ற ஒல்லியான இளைஞனிடம் கேட்டார்.

“ஏன் தம்பி, பிடிச்சவன் எதுக்கு விட்டான்?”

“தட்டுனான்ல. மூணு தட்டு தட்டுனா விட்டுறணும்ண்ணே. வலி தாங்கலை, தோத்துட்டேன், விடுன்னு அர்த்தம். அந்தத் தட்டுக்கு அப்புறம் ஒரு கணம் பிடிச்சிருந்தாலும் அவன் மனுஷன் இல்லை. எந்தக் கூடத்துலயும் இதான் சட்டம்.”

“தெரியாதவன் விடலேன்னா?”

“தெரியாதவன் எதுக்குண்ணே பிடிக்கப் போறான்?”

சோலைமுத்து அப்படியே சந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் நல்லுசாமி இரண்டு வருஷம் பழனியில் மாமன் கடையில் வேலை பார்த்தான். அங்கே ஏதோ ஒரு கூடத்துக்குப் போய்ப் பிடிவரிசை பழகினான். ஊருக்கு வந்து அதைச் சொன்னபோது, “பழனி மண்ணையெல்லாம் புரண்டு தின்னுட்டு வந்திருக்கான் பாரு” என்று கேலி பண்ணியவர் இவரேதான். அன்றைக்குக் கிணற்றடியில் தம்பி திமிறவில்லை. தோற்றுவிட்டேன், விடு என்று முறைப்படி சொல்லியிருக்கிறான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். முப்பத்தைந்து வயது ஆம்பிளை, நடுச்சந்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்த ஒல்லி இளைஞன்தான் கூடத்து வாத்தியார். பெயர் பாஸ்கல், வயது இருபத்தாறு. பகலில் சுருட்டுச் சுற்றுகிறவன். ஆளைத் தூக்கி எடை போட்டால் சோலைமுத்துவின் ஒரு மூட்டைக்குக் காணமாட்டான். அழுது ஓய்ந்தவர் நடந்ததை எல்லாம் அவனிடம் சொன்னார். சொல்லிவிட்டு, “என் கை விடுறதுக்குப் பழகணும். சொல்லித் தருவியா?” என்று கேட்டார். பாஸ்கலிடம் எத்தனையோ பேர் அடிக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள். விடக் கற்றுக்கொள்ள வந்தவர் இவர் ஒருவர்தான். அன்றிலிருந்து அவர் அவனை வாத்தியாரே என்பார், அவன் அவரை அண்ணே என்பான். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் அந்த மரியாதையில் இரண்டு பக்கமும் குறை வந்ததில்லை.

“பிடிக்கிறது, விடுறதெல்லாம் அப்புறம். முதல்ல விழுங்கண்ணே” என்றான் பாஸ்கல்.

அங்கேதான் வம்பு. சுமையாளின் உடம்பு எதற்குப் பழகியிருக்கிறது? விழாமல் இருக்கத்தான். மழைச் சேற்றில், வாழைத்தோலில், மாட்டுச் சாணியில் கால் வழுக்கினாலும் மூட்டையோடு நிற்க வேண்டும். விழுந்தால் பிழைப்புப் போயிற்று. அந்த உடம்பைப் போய் விழு என்றால் விழுமா? பாஸ்கல் தள்ளினால் அடிமரம் மாதிரி நின்றார். தானாக விழச் சொன்னால் கையை ஊன்றினார். ஊன்றாதே என்றால் இடுப்பெலும்பு முதலில் தரையில் மோதியது. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, தோளைக் கொடுத்து உருண்டு எழ வேண்டும். பையன்கள் எல்லாம் பந்து மாதிரி உருண்டார்கள். இவர் விழும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் மூட்டை தூக்க முடியவில்லை. அங்காளம்மாள் தவிடு வறுத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சண்டைக்கு வந்தாள்.

“நம்ம சின்னக்கண்ணு நடக்கப் பழகுறப்ப விழுந்தா, சரி. இம்புட்டு வயசுல நீங்க எதுக்கு விழுந்து பழகுறீக? கேக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

சோலைமுத்து குப்புறப் படுத்தபடியே சொன்னார். “அன்னைக்கு நல்லு தட்டுனான் புள்ள. விடச் சொல்லித் தட்டிருக்கான். எனக்குத் தெரியல.”

அங்காளம்மாளின் கை நின்றுவிட்டது.  பிறகு தவிட்டு மூட்டையை மறுபடி சட்டியில் சூடாக்கி எடுத்துவந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்திருக்க, துவைத்த வேட்டியை மடியில் போட்டு, “கூடத்துக்கு நேரமாச்சுல்ல?” என்றவள் அவள்தான்.

விழுவதற்கு மட்டும் ஏழு மாதம் ஆயிற்று. ஏழு மாதம்! ஒருநாள் பாஸ்கல் காலைத் தட்டிவிட்டபோது சத்தமே இல்லாமல் உருண்டு எழுந்து நின்றார். கூடம் முழுக்கக் கை தட்டியது. மனுஷனுக்கு வெட்கம் வந்துவிட்டது.

அடுத்தது பிடி. இங்கே வேறு தொல்லை. இவர் பிடித்தால் எதிராளியின் மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்து நீலம் பூத்துவிடும். அவருக்கு இடுக்கி என்று பெயர் வைத்தார்கள். ஜோடி சேர ஒருவனும் வரவில்லை. பயந்துபோன சோலைமுத்து நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்: தொட்டதும் தொடாததுமாக விட்டுவிடுவார். எதிராளி தட்டுவதற்கு முன்னாலேயே கை விலகிவிடும். அப்படி ஒரு மாதம் போனது. பொறுமைசாலியான பாஸ்கலுக்கே கோபம் வந்துவிட்டது.

“பிடிக்காம விடுறது என்ன பெரிய காரியமாண்ணே? அதைக் கல்லு கூடச் செய்யும். நல்லாப் பிடிக்கணும். பிடிச்சிட்டு விடணும். அவன் இழுத்தா அவன் கூடப் போங்க. அவன் தள்ளுனா திரும்பி இடம் கொடுங்க. உங்க பலத்தை யாரு கேட்டா? அவன் பலமே அவனைக் கீழ போடும்.”

சொல்வது சுலபம். வெயிலோ மழையோ, நாள் முழுக்க மூட்டை தூக்கிய உடம்போடு, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். மற்றவர்கள் மூன்று மாதத்தில் கற்றதை இவர் ஒரு வருஷத்தில் கற்றார். கற்றதை மறக்கவில்லை. மூன்றாவது வருஷம் அவர் பிடித்தால் வலியே தெரியாது, ஆனால் அசையவும் முடியாது என்று பையன்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஜோடி சேர இப்போது வரிசையில் நின்றார்கள்.

எல்லாம் கூடிவரும் நேரத்தில்தான் ஒச்சப்பன் வாயைத் திறந்தான். லாரி டிரைவர், கூடத்துக்குப் புதிசு, வாய்க் கொழுப்பு அதிகம். ஆத்தூர்ப் பக்கம் லாரி ஓட்டுகையில் கேள்விப்பட்டதை வைத்து, சோலைமுத்துவோடு பிடித்துக்கொண்டிருக்கும்போதே, “தம்பி கையை ஒடிச்ச சூரர்தானே நீரு?” என்று கேட்டுவிட்டான். படுபாவி! சோலைமுத்துவின் காது அடைத்தது. அடுத்த நொடி ஒச்சப்பன் மணலில் கிடந்தான், கை பின்னால் வளைந்திருந்தது. அவன் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. கூடமே “அண்ணே!” என்று கத்தியது. சோலைமுத்து விட்டார், ஆனால் ஒரு மூச்சு தாமதித்து விட்டார். ஒச்சப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையை உதறிக்கொண்டு எழுந்தான். சோலைமுத்து யார் முகத்தையும் பார்க்காமல் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அப்புறம் ஐந்து மாதம் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை.

ஒருநாள் மத்தியானம் பாஸ்கல் சந்தைக்கே வந்துவிட்டான்.

“என்னாலே ஆகாது வாத்தியாரே” என்றார் சோலைமுத்து, மூட்டை மேல் உட்கார்ந்தபடி. “கோவம் வந்தா எனக்குக் காது கேக்காது. தட்டுறது கேட்டாத்தானே விடுறதுக்கு?”

“காதுதானே கேக்கலை? அப்ப காது இல்லாமப் பழகுவோம். வாங்க.”

கூடத்தில் பாஸ்கல் அவருடைய இரண்டு காதிலும் பஞ்சை அடைத்தான். அதன் மேல் துண்டைச் சுற்றிக் கட்டினான். கண்ணையும் மூடச் சொன்னான். ஓர் ஆளைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பிடிபட்டவன் எப்போது தட்டுகிறான் என்பதை அவன் உடம்பிலிருந்தே தெரிந்துகொண்டு விட வேண்டும். தட்டுகிறவனின் கையில் அடி விழும்போது அவன் தோளில் ஓர் அதிர்வு ஓடும். பிடித்திருக்கும் விரலுக்கு அது வந்து சேரும். முதல் நாளெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் நாள் ஏதோ தெரிந்தது. இப்படியே ஒரு வருஷம், தினமும், காதில் பஞ்சோடு அந்த மனுஷன் உட்கார்ந்து பழகினார். முதல் ஆளாக ஜோடி சேர வந்தது யார் தெரியுமா? அதே ஒச்சப்பன். “என் வாய்தாண்ணே தப்பு. பிடிங்க” என்று மணலில் படுத்தான். அவனையும் பாராட்டத்தான் வேண்டும்.

அந்த நாட்களில் ஒன்றில் சின்னக்கண்ணுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். பழனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு பாய்ந்து வந்ததில் துண்டு முனை அவள் கையிலிருந்து நழுவியது. சட்டென்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பஸ் போன பிறகுதான் பிடித்திருப்பதே அவருக்குத் தெரிந்தது. எட்டு வயதுக்காரி விரல்களை மெல்ல அசைத்தாள். அவருடைய பிடி தானாகவே தளர்ந்தது. அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை; நன்றாக வைத்துப் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் அப்படியே வந்தார்கள். அங்காளம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

ஆனால் தம்பி பேசவில்லை. நல்லுசாமி வாரம் ஒருமுறை சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு வண்டியோடு சந்தைக்கு வருவான். அண்ணன் நிற்கும் பக்கத்தை விட்டுவிட்டு, அந்தக் கோடியில் மாட்டை அவிழ்ப்பான். சோலைமுத்து தன் கூட்டாளி ஒருவரை அனுப்பி இறக்கச் சொல்லிவிட்டு, தூரத்தில் நின்று பார்ப்பார். மூக்கணாங்கயிறு பிடிப்பது, சாட்டை வீசுவது, வேட்டி கட்டுவது, எல்லாம் தம்பிக்கு இடது கைதான். வலது கை நெஞ்சுக்கு முன்னால் மடங்கியே இருக்கும். ஏழு வருஷம் அதைப் பார்த்தார். போய்ப் பேச நாக்கு எழவில்லை.

1961 தை மாதம், சந்தையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எடை போடும் ஆள் அவசரக்காரன், யாரையும் மதிக்கமாட்டான். நல்லுசாமியின் மூட்டை தராசுக்கு வழியில் கிடந்தது. “ஏய் கோணக்கையா, மூட்டையைத் தள்ளி வைய்யி. கைதான் கோணல், காதுமா கோணல்?” என்று கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள்.

ஏழு வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் நல்லுசாமிக்கு அந்த ஒரு நொடியில் கிளம்பிவிட்டது. மூட்டையில் குத்தியிருந்த இரும்புக் கொக்கியை இடது கையால் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தான். கூட்டம் சிதறியது. எடைக்காரன் தராசுக்குப் பின்னால் மூலையில் மாட்டிக்கொண்டு அலறினான். கொக்கி ஓங்கியவனுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றவர் சோலைமுத்து.

அவர் மனதில் ஓடியது ஒன்றுதான். தம்பிக்கு மிச்சம் இருப்பது இந்த இடது கை. இதுவும் என்னால் போனால் அவன் வெள்ளாமை, வண்டி, சோறு எல்லாம் போச்சு. பிடிக்காவிட்டால் அவன் கொலைகாரன் ஆவான்.

நல்லுசாமி எதிரில் நிற்பது யார் என்று கூடப் பார்க்கவில்லை. கொக்கி இறங்கியது. சோலைமுத்து தடுக்கவில்லை, தள்ளவில்லை. ஓரடி விலகித் திரும்பி, வந்த கையின் கூடவே போனார். மணிக்கட்டில் ஒரு கை, முழங்கைக்கு மேலே ஒரு கை. தம்பியின் வேகமே தம்பியைச் சுற்றிக் கொண்டுபோயிற்று. வெங்காயச் சருகு குவிந்து கிடந்த தரையில், தூங்குகிற பிள்ளையைப் படுக்கப் போடுகிற மாதிரி அவனைக் குப்புற இறக்கினார். கொக்கி இன்னும் அவன் விரலுக்குள்தான் இருந்தது.

“விட்டுறாதே சோலை! கொக்கியைப் பிடுங்கு! ஒடிச்சு விடு கையை!” என்று சந்தையே கத்தியது. சோலைமுத்துவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. காது அடைத்திருந்தது.

அப்போது தம்பியின் தோளில் ஓர் அதிர்வு ஓடி அவர் விரலுக்கு வந்தது. ஒன்று. மடங்கிய வலது கையால், நீட்ட முடியாத அந்தக் கையின் பின்புறத்தால், நல்லுசாமி தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு. மூன்று.

மூன்றாவது தட்டு முடிவதற்குள் சோலைமுத்து விட்டுவிட்டார். இரண்டு கையையும் எடுத்து, அப்படியே பின்னால் உட்கார்ந்தார். கொக்கி வைத்திருப்பவனுக்கு முன்னால், வெறும் நெஞ்சைக் காட்டிக்கொண்டு.

நல்லுசாமி எழுந்தான். மூச்சு வாங்கியது. கன்னத்தில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. கொக்கியைப் பார்த்தான். தன்னைப் பிடித்தவர் யார் என்று அப்போதுதான் பார்த்தான். இடது கையை மடக்கி நீட்டினான். மறுபடி மடக்கி நீட்டினான். ஒன்றும் ஆகவில்லை.

“அன்னைக்கும் இதே மாதிரித்தானே தட்டுனேன்” என்றான். ஏழு வருஷத்தில் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அது.  “ரெண்டு தரம் தட்டுனேனேண்ணே.”

“தெரியாதுப்பு” என்றார் சோலைமுத்து. “சத்தியமா எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு வர இம்புட்டு நாளாச்சு.”

நல்லுசாமி நெடுநேரம் நின்றான்.  எடைக்காரன் மூலையை விட்டு நகரவில்லை. பிறகு நல்லுசாமி கொக்கியைத் திருப்பி, பிடியை அண்ணன் பக்கமாக நீட்டினான்.

“வண்டியில இன்னும் எட்டு மூட்டை கெடக்குண்ணே” என்றான். “வந்து எறக்கு.”